காலிக்கு வராத கோப்பை

குலசேகரம் யாரையும் இலேசில் நம்புகிற ஆளில்லை. பேப்பரில் வருவதை நம்பமாட்டார். மழை வராது என்று டிவி சொன்னால் குடையோடு புறப்படுவார். வங்கிக்காரன் சிரித்துக் கதைத்தால் வேறு வங்கி தேடுவார். அப்படிப்பட்ட மனிதர், பூமியின் மறுபக்கத்தில் இருக்கிற, ஒருநாளும் கண்ணால் காணாத பதினொரு பந்தடிகாரர்களுக்காக லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார் என்றால், அதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். எவேலியோ.

எவேலியோ கொலம்பியாக்காரன். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகம். அங்கே விடியற்காலை ஷிப்டில் கூட்டித் துடைக்கிற வேலை அவனுக்கு. 1987இல் குலசேகரமும் அங்கே சேர்ந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது, அவனுக்குப் பத்து வயது குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிளேஸ்டோவில் மனைவி தவநாயகியோடு ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருந்தார்.

முதல் மாதம் அவனோடு அவர் கதைக்கவே இல்லை. தன் மொப்பையும் வாளியையும் தனியாக வைத்துப் பூட்டினார். அவனுக்குக் கறுத்த மீசை, கழுத்தில் சிலுவை, எந்நேரமும் வாயில் பாட்டு. பாட்டுப் பாடி வேலை செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவருடைய எண்ணம்.

அந்த எண்ணத்தைக் கரைத்தது புட்டு. ஒருநாள் வேலை முடிந்து அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க, அவன் எட்டிப் பார்த்தான். பார்க்கிறவனுக்குக் கொடுக்காமல் சாப்பிட மனம் வரவில்லை. ஒரு கை அள்ளிக் கொடுத்தார். தின்றுவிட்டு அவன் சொன்னான்: "இதைத்தான் என்ர அம்மா சோளத்திலை செய்வா."

"சும்மா சொல்லாதை" என்றார் குலசேகரம். ஆனால் அடுத்த நாள் பெட்டியில் இரண்டு பேருக்கு இருந்தது.

இரண்டு பேருடைய இங்கிலிஷும் ஒரே தரம். வெள்ளைக்காரருக்கு இரண்டுமே விளங்காது. ஒருவருக்கு மற்றவர் சொல்வது மட்டும் நன்றாக விளங்கியது. எவேலியோ கதைப்பது குலசேகரத்தின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. எவேலியோ என்ற பெயர்தான் அவர் வாயில் நிற்கவில்லை. வேலன் என்று கூப்பிடத் தொடங்கினார். அவன் இவரை அண்ணை என்றான். அந்தச் சொல்லை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

வாளி, மொப் வைக்கிற அறைக் கதவின் உட்பக்கத்தில் அவன் ஒரு சிவப்பு முக்கோணக் கொடியைத் தொங்கவிட்டிருந்தான். அதில் கொம்பு முளைத்த ஒரு பேய், கையில் சூலத்தோடு நின்றது.

"இதென்னடா பேய்?" என்று கேட்டார்.

"எங்கட கிளப், அண்ணை. பந்தடிக்கிற கிளப். அமெரிக்கா."

"அமெரிக்கா உன்ர நாடில்லையே."

"கிளப்பின்ர பேர் அமெரிக்கா. ஊர் காலி. அமெரிக்கா டி காலி."

"காலி எங்கட நாட்டிலை கிடக்கு. கடற்கரையிலை, கோட்டையோடை. ஆருக்குக் கதை விடுறாய்?"

அவன் அவரை நான்காம் மாடிக் கூட்ட அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சுவர் முழுக்க ஓர் உலகப்படம். அவர் முதலில் இலங்கையில் தன் காலியைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார். அவன் கொலம்பியாவில் தன் காலியைக் காட்டினான். குலசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் ஒரு சம்மதம் வராது.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கிளப்பின் கதையைச் சொல்லத் தொடங்கினான். இரண்டு வாளியைக் கோல் கம்பங்களாக வைத்து, துணியைச் சுருட்டிப் பந்தாக்கிச் சொன்னான். தென்னமெரிக்காவில் எல்லா நாட்டுக் கிளப்புகளும் மோதுகிற பெரிய கோப்பை ஒன்று இருக்கிறது, லிபர்ட்டடோரஸ் என்று பெயர். 1985இல் அவர்களுடைய கிளப் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ். ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்று, மூன்றாவது ஆட்டமும் சமன். பெனால்டிக்குப் போனது. குள்ளமான ஒரு பெடியன் அடித்ததைக் கோல்காரன் மறித்துவிட்டான். கோப்பை போய்விட்டது. 1986இல் திரும்ப இறுதி ஆட்டம். இந்த முறை ரிவர் பிளேட். ஊரிலும் தோல்வி, வெளியிலும் தோல்வி.

"இரண்டு தரம் போய் இரண்டு தரமும் தோத்தவங்களை ஏன்ரா கொண்டாடுறாய்?"

"இந்த வருசம் எடுப்பம், அண்ணை."

"சட்டையிலை பேயைக் குத்திக்கொண்டு கப் கேட்டா ஆர் தருவான்?"

"பேயைச் சட்டையிலை இருந்து ஒரு கோச் எடுத்துப் போட்டவர். பெரிய பக்திமான் அவர். எடுத்த பிறகும் தோத்தம்."

பேயை எடுத்தும் தோற்கிறவர்கள் மேல் குலசேகரத்துக்கு அன்றைக்கே ஒரு சின்ன இரக்கம் விழுந்துவிட்டது. வெளியில் காட்டவில்லை.

அந்த வருடமும் வந்தார்கள். மூன்றாவது முறை, தொடர்ந்து. லண்டனில் பெரும்புயல் அடித்து மரங்கள் தெருவுக்குத் தெரு சாய்ந்து கிடந்த அந்த ஐப்பசி மாதக் கடைசியில், உருகுவே நாட்டுப் பெனியரோலோடு மூன்றாவது ஆட்டம். முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்துக் கூடக் கோல் அடித்தவர்கள் இவர்கள், அதனால் கோல் விழாமல் முடிந்தால் போதும், கோப்பை காலிக்குத்தான். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. மேலதிக நேரமும் கோல் இல்லை. முடிகிற நொடியில், ஆட்டக்காரரின் உறவுகள் எழுந்து கட்டிப்பிடிக்கக் கை விரித்திருந்த நேரத்தில், பெனியரோல்காரன் ஒருவன் அடித்தான்.

எவேலியோ அதைத் தங்கச்சியின் வாயால், தெருமுனை டெலிபோன் பெட்டிக்குள் நின்று கேட்டான். திங்கட்கிழமை வேலைக்கு வந்தவன் பாட்டுப் பாடவில்லை. காலிக்குப் பக்கத்தில் பூகா என்றொரு ஊர், அங்கே அற்புதங்கள் செய்கிற யேசு ஒருவர் இருக்கிறார். அவருடைய சின்னப் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். வாளிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான்.

"இந்தக் கோப்பை காலிக்கு வருமட்டும் நான் காலியிலை கால் வைக்கமாட்டன். வந்த அண்டைக்கு உன்ரை கோயிலுக்கு நடந்து வருவன்."

குலசேகரம் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே நின்றார். நேர்த்திக்கடன் வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். எந்தப் பாஷையில் வைத்தாலும் அது நேர்த்திதான்.

பதினைந்து நாள் கழித்து அவன் பழையபடி சிரிக்கத் தொடங்கினான். "கோபத்திலை சொன்னது, அண்ணை. யேசு ஆண்டவர் பந்தைப் பார்க்கிறவரோ?"

"விசர்க்கதை கதைக்காதை. சொன்னது சொன்னதுதான். எங்கட பெரியப்பா ஒருத்தர் காவடி நேர்ந்துபோட்டு, அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு தள்ளினவர். மாட்டு வண்டிலிலை இருந்து விழுந்தவர், பிறகு சாகுமட்டும் நொண்டி நொண்டித்தான் திரிஞ்சவர்."

எவேலியோ பயந்துவிட்டான். அவன் தன் தேவாலயத்தில் போய்க் கேட்டான். பந்துக்கு வைத்த நேர்த்தி செல்லாது என்று பாதிரியார் வாய்விட்டுச் சிரித்தாராம்.

"சிரிக்கிற ஐயரை நம்பாதை" என்றார் குலசேகரம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் அந்த நேர்த்தி ஒரு பாரமாக இருக்கவில்லை. அவனுக்கு அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தங்கியிருக்கிறதுக்கான பேப்பர் சரிவரவில்லை. வெளியே போனால் திரும்ப வர ஏலாது. போகவே முடியாதவனுக்குப் போகமாட்டேன் என்ற நேர்த்தி என்ன பாரம்? ஒவ்வொரு வருடமும் அவன் "இந்த வருசம்" என்பான். குலசேகரம் "பாப்பம்" என்பார். இடையில் மூன்று தரம் அரையிறுதி வரைக்கும் வந்து விழுந்தார்கள். 1992இல் பெனால்டி முடிகிறபாடில்லை. பதினொன்றுக்குப் பத்து என்று தோற்றார்கள்.

"உங்கட ஆக்களுக்குத் தோக்கிறதுக்கும் ஒரு கெட்டித்தனம் இருக்கடா" என்று குலசேகரம் அவனைச் சீண்டுவார். ஆனால் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரப் பெடியள் ஆர்சனல், லிவர்பூல் என்று அலட்டினால் அவருக்குப் பொறுக்காது. "மூண்டு வருசம் அடுக்கா இறுதி ஆட்டத்துக்கு வந்தவங்கள் எங்கட ஆக்கள். வாசலிலை வைச்சு மூண்டு தரம் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியும் நாலாம் தரம் வந்து நிக்கிறாங்கள். உங்கட ஆக்கள் நிப்பாங்களோ?"

"ஆர் மாமா உங்கட ஆக்கள்?" என்று பெடியள் கேட்பார்கள்.

"அமெரிக்கா."

பெடியள் தவநாயகியைப் பார்ப்பார்கள். அவள் கையை விரிப்பாள். "அவர் அப்பிடித்தான். நீங்கள் ரீயைக் குடியுங்கோ."

எவேலியோ அடிக்கடி ஒன்று சொல்வான். "கப் வந்தா நீயும் என்னோடை காலிக்கு வரவேணும், அண்ணை. அம்மா சமைப்பா. பூகாவுக்கு ரெண்டு பேருமா நடப்பம்."

"பிளேன்காரனை நம்பி ஏறேலாது" என்பார் குலசேகரம். ஆனால் கூட்ட அறையைத் துடைக்கப் போகிற நாட்களில், ஒருவரும் இல்லாதபோது, உலகப்படத்தில் லண்டனில் ஒரு விரலையும் அந்தக் காலியில் ஒரு விரலையும் வைத்துப் பார்ப்பார். ஒரு முழம்கூட இல்லை.

பிறகு எவேலியோவுக்குப் பேப்பர் கிடைத்தது. அப்போதுதான் நேர்த்தி அவனைக் கடிக்கத் தொடங்கியது. போகலாம், ஆனால் போகக்கூடாது. 1996 வைகாசியில் தங்கச்சி டெலிபோன் எடுத்தாள். அம்மா முற்றத்தில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது, படுக்கையில் கிடந்து மகனைக் கேட்கிறாள். வயது எண்பத்துநான்கு. எப்ப வருவாய்?

"என்ன சொன்னனீ?" என்று கேட்டார் குலசேகரம்.

"இந்த வருசம் திரும்ப இறுதி ஆட்டத்துக்கு வருவம் போலை கிடக்கு. வென்ற உடனை வாறன் எண்டு சொன்னன்."

"கொம்மா என்ன சொன்னவ?"

எவேலியோ தலையைக் குனிந்தான். "அம்மா பச்சைக் கட்சி, அண்ணை."

காலியில் இன்னொரு கிளப் இருந்தது. பச்சைச் சட்டை. இவர்களுக்கும் அவர்களுக்கும் பரம்பரைப் பகை. அவனுடைய அம்மா பிறந்த நாள் தொடக்கம் பச்சைக்காரி. "சிவப்புக்காரர் கப் எடுத்துத்தான் என்ர பிள்ளை வரவேணுமெண்டா, எனக்குப் பெட்டியை இப்பவே செய்யச் சொல்லுங்கோ" என்றாளாம்.

குலசேகரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டி என்று அவள் சொன்னது சவப்பெட்டியை.

ஆனியில் கிளப் உண்மையாகவே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே, பத்து வருடத்துக்கு முன் அடித்த அதே ரிவர் பிளேட். முதலாவது ஆட்டம் காலியில். ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். கோல் அடித்தவன், 1985இல் பெனால்டியைக் கோட்டைவிட்ட அதே குள்ளன். எவேலியோ மறுநாள் ஒரு புதுச் சூட்கேஸோடு வேலைக்கு வந்தான். தன் அறையில் வைக்க இடமில்லை என்றான். உண்மையில் காட்டத்தான் கொண்டு வந்தான். அதை வாளி அறையில், பேய்க்கொடிக்குக் கீழே வைத்தான்.

"இனித் திரும்பி வரமாட்டன், அண்ணை. அம்மாவைப் பாத்துக்கொண்டு அங்கையே ஒரு சின்னக் கடை போடுவன்."

"போ, போ. உன்ர பாட்டுச் சத்தமில்லாமல் நானும் நிம்மதியா வேலை செய்வன்" என்றார் குலசேகரம். அன்றைக்கு அவர் கண்ணாடிக் கதவுகளை இரண்டு தரம் துடைத்தார். முதல் தரம் துடைத்தது அவருக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாவது ஆட்டம் அடுத்த புதன்கிழமை, ரிவர் பிளேட்டின் ஊரில். இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடிந்ததும் குலசேகரம் லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறி லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போனார். அர்ச்சனைத் தட்டோடு நின்றார். ஐயர் வந்தார்.

"பேர்?"

"அமெரிக்கா."

ஐயர் தட்டைத் தூக்கியபடியே நின்றார். "நாட்டுக்கோ?"

"நாட்டுக்கு ஏன் ஐயா நான் செய்யிறன்? இது பந்தடிக்கிற ஆக்கள்."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "அகரத்திலை துடங்கினா கார்த்திகை எண்டு சொல்லலாம். கோத்திரம் சிவகோத்திரம். எத்தினை பேர்?"

"பதினொண்டு. வெளியிலை குந்தியிருக்கிறவையும் இருக்கினம்."

ஐயர் சிரிக்கவில்லை. அதனால் குலசேகரத்துக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. மணி அடித்து, மந்திரம் சொல்லி, கற்பூரத்தட்டு எழுந்தது. கேட்கவேண்டிய நேரம். அவர் கண்ணை மூடினார். இவங்கள் வெல்லவேணும், சிவபெருமானே, என்று கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் இன்னொன்றும் வந்துவிட்டது. அவன் போகாமல் இருக்கவேணும். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. பிரித்து எடுக்க நேரமில்லை. கற்பூரம் அணைந்துவிட்டது.

புதன்கிழமை மாலை லண்டனுக்கு வேறு துக்கம். வெம்பிளியில் இங்கிலாந்து ஜேர்மனியோடு அரையிறுதி ஆடிப் பெனால்டியில் தோற்றது. வியாழன் விடிய வேலைக்குப் போகையில் பஸ்ஸில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. அலுவலக வாசலில் காவல்காரன் கன்னத்தில் பூசிய இங்கிலாந்துக் கொடியின் சிவப்புச் சிலுவை அழியாமல் செத்த வீட்டுக்காரன்போல இருந்தான். பெனால்டியில் ஒரு தரம் தோற்றதற்கு இந்தப் பாடா என்று குலசேகரம் நினைத்தார். அவர் யோசனையெல்லாம் வாளி அறையில்தான்.

எவேலியோ சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"எத்தினை?" என்றார்.

"ரெண்டுக்குப் பூச்சியம்."

"பெனால்டியோ?"

"இல்லை அண்ணை. இந்த முறை நேராவே தோத்தம்."

குலசேகரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்ட இரண்டில் ஒன்று நடந்துவிட்டது. அவன் போகப்போவதில்லை. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். அவன் கையில் சூட்கேஸின் திறப்பு இருந்தது. அதை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தான். சந்தோஷம் வரவில்லை.

"தங்கச்சி சொல்றா, அம்மா தோல்வியைக் கேட்டு அழுதவவாம். பச்சைக்காரி, அண்ணை. எங்களுக்காக அழுதிருக்கிறா."

"நேர்த்தியை விட்டுட்டுப் போவன்ரா" என்றார் குலசேகரம். தன் வாயில்தான் அது வந்ததா என்று அவருக்கே ஆச்சரியம்.

"நீதானே சொன்னனீ, சொன்னது சொன்னதெண்டு. மீறிப்போய் அம்மாவுக்கு ஒண்டு நடந்தா?"

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் கதவைப் பூட்டியது அவர்தான்.

அன்று மாலை வீட்டில் சோறு இறங்கவில்லை. தவநாயகி சோற்றுக் கோப்பையை எடுக்காமல் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன, உங்கட அமெரிக்காவோ?"

அவர் முழுவதையும் சொன்னார். கோயிலில் இரண்டு கேட்டதையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுண்டுவிரலால் மேசையில் ஒரு பருக்கையை ஒதுக்கினாள்.

"நீங்கள் சின்னனிலை நல்லூரிலை காவடி எடுத்தனீங்கள் எண்டு மாமி சொல்லுவா. ஏன் எடுத்தனீங்கள்?"

"எனக்குக் காய்ச்சல் வந்ததெண்டு அம்மா வைச்ச நேர்த்தி."

"மாமி வைச்ச நேர்த்திக்கு நீங்கள்தானே தோள் குடுத்தனீங்கள்? வைச்சவதான் தூக்கவேணுமெண்டு முருகன் நிண்டவரோ?"

குலசேகரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் எவேலியோவைச் சூட்கேஸோடு இழுத்துக்கொண்டு லூயிஷாமுக்குப் போனார். அவன் கேட்ட கேள்வி எதற்கும் ரயிலில் பதில் சொல்லவில்லை. கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பிள்ளையாருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தவநாயகி கொடுத்துவிட்ட மஞ்சள் துணியை எடுத்தார்.

"உன்ர நாட்டு நாணயம் ஒண்டு கிடக்கோ?"

அவனிடம் இருந்தது. எப்போதோ கொண்டுவந்த பழைய ஒரு பெஸோ, சட்டைப் பையில், பூகா யேசுவின் படத்தோடு.

"இதிலை முடி. முடியேக்கை உன்ர நேர்த்தியைச் சொல்லு. உன்ர யேசுவுக்குத்தான் சொல்லு. பிள்ளையார் கேட்டுக்கொண்டிருப்பார், சாட்சிக்கு."

எவேலியோ தன் பாஷையில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே முடிந்தான். குலசேகரம் வலது கையை நீட்டினார்.

"இப்ப அதை என்ர கையிலை தா."

"ஏன்?"

"நேர்த்தியை நான் எடுக்கிறன். எங்கட ஆக்களிலை அப்பிடி இருக்கு. தாய் வைப்பா, பிள்ளை தூக்கும். அண்ணை எண்டு கூப்பிடுறாய், தம்பியின்ரை பாரத்தை அண்ணை தூக்கலாம். அந்தக் கோப்பை காலிக்கு வருமட்டும் காலியிலை நான் கால் வைக்கமாட்டன். நீ போகலாம்."

எவேலியோவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. "நீ எப்பிடியும் காலிக்கு வரப்போறதில்லையே, அண்ணை."

"அது உனக்கெப்பிடித் தெரியும்?" என்றார் குலசேகரம்.

அவர் சொன்ன விதத்தில் எவேலியோவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிளேன்காரனை நம்பி ஏறேலாது என்று ஒன்பது வருடமாகச் சொன்ன மனிதர், அம்மாவின் சமையலுக்கும் பூகாவுக்கு நடப்பதற்கும் மனதுக்குள் எப்போதோ ஓம் சொல்லிவிட்டார் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம், அண்ணை" என்றான்.

"தா எண்டுறன். கொம்மா படுத்துக் கிடக்கிறா."

மஞ்சள் முடிச்சு கைமாறியது. பக்கத்தில் கற்பூரம் கொளுத்த வந்த ஐயர் இரண்டு பேரையும் பார்த்தார்.

"இவர் ஆர்?"

"அமெரிக்கா" என்றார் குலசேகரம்.

ஐயர் எவேலியோவின் நெற்றியில் நன்றாகப் பட்டையாக விபூதியைப் பூசிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். ஹீத்ரோவுக்கு வழியனுப்பப் போகவில்லை. வழியனுப்பப் போனால் அழவேண்டி வரும், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். திங்கட்கிழமை வாளி அறையைத் திறக்க, கதவின் உட்பக்கத்தில் பேய்க்கொடி அப்படியே தொங்கியது. மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று முதலில் நினைத்தார். பிறகு அதன் பின்பக்கம் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று கம்பியில் கொழுவியிருந்ததைக் கண்டார். அவர் அவனுக்குப் புட்டுக் கொண்டுவருகிற பெட்டி. சனிக்கிழமை வந்து கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மறந்து போகவில்லை.

அம்மா எழும்பி உட்கார்ந்தாள். பிறகு பொல்லுப் பிடித்து நடந்தாள். அவன் வீட்டு முன்னறையில் சின்னக் கடை போட்டான். மாதத்தில் ஒருதரம் டெலிபோன் எடுப்பான். குலசேகரம் ஓய்வு எடுத்து, பேய்க்கொடியோடு வீட்டுக்கு வந்தார். பிரிட்டிஷ் பாஸ்போட் வந்தது. தவநாயகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி எங்கையும் போகலாம்" என்றாள்.

"ஒரு இடத்தைத் தவிர" என்றார் அவர்.

1999 முடிகிற காலத்தில் ஒருநாள் மத்தியானம் டெலிபோன் அடித்தது. எவேலியோவின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பின்னால் வாகனங்களின் ஹோர்ன் சத்தமும் பாட்டும்.

"அண்ணை! கப் எடுத்திட்டம்! வெளிநாட்டுக் கிளப்புகளும் விளையாடின கப்! காலிக்கு வந்திட்டுது!"

குலசேகரம் கதிரையைப் பிடித்துக்கொண்டார். தவநாயகி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்கு அடிச்சனீங்கள்?"

"சாந்தா ஃபேக்கு. பொகோட்டாக்காரர்."

"அவங்களும் உன்ர நாட்டுக்காரர்தானே."

"இறுதி ஆட்டம் அப்பிடி வந்திட்டுது, அண்ணை. முதல் சுற்றிலை மற்ற நாட்டுக்காரரும் இருந்தவை."

"கோப்பையின்ர பேர் என்ன?"

எவேலியோவின் சத்தம் இறங்கியது.

"மெர்கோநோர்ட்டே."

"லிபர்ட்டடோரஸ் இல்லையோ?"

"இல்லை. ஆனா இதுவும் பெரிய கோப்பைதான். வெள்ளி. நான் தெருவிலை வைச்சுக் கண்ணாலை கண்டனான். அண்ணை, அம்மாவுக்கு எண்பத்தேழு முடிஞ்சுது. உன்னைப் பாக்கவேணுமெண்டு கேக்கிறா. வா. இது காணும்."

குலசேகரம் சுவரைப் பார்த்தார். சாமி அலுமாரியில் முருகனுக்கும் சிவனுக்கும் இடையில் மஞ்சள் முடிச்சு இருந்தது. பேய்க்கொடியை உள்ளே வைக்கத் தவநாயகி விடவில்லை. அது அலுமாரிக் கதவுக்கு வெளிப்பக்கம், காவலுக்கு நிற்பதுபோலத் தொங்கியது. இது காணும் என்று சொல்ல ஒரு சொல் போதும். அவருக்கு அறுபத்தேழு வயது. கேட்கிறவனும் விட்டுக் கொடுக்கத் தயார். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"நீ என்ன கோப்பைக்கு நேர்ந்தனீ?" என்று கேட்டார்.

"இதுவும் கோப்பைதானே, அண்ணை."

"சொல்லு."

"லிபர்ட்டடோரஸ்."

"அப்ப வரேலாது. கொம்மா எழும்பி நடக்கிறா. நேர்த்தியை மீறி அதிலை நான் கைவைக்கமாட்டன்."

எவேலியோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் ஒரு கிழவியின் குரல் ஏதோ அதட்டியது.

"அம்மா என்ன சொல்றா?"

"டெலிபோனைத் தரச் சொல்லுறா. உன்னோடை கதைக்கவேணுமாம்."

கிழவி தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னாள். குலசேகரத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தியதும், "சாப்பிட்டீங்களோ?" என்று தமிழில் கேட்டார். அவளும் ஏதோ பதில் சொன்னாள். எவேலியோ திரும்ப டெலிபோனை வாங்கினான்.

"அம்மா சொல்றா, இனி அவவும் சிவப்புக் கட்சியாம். லிபர்ட்டடோரசுக்கு மட்டும். நீ வருமட்டும்."

குலசேகரம் டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அடுத்தது எப்ப துடங்குது?"

"மாசியிலை."

"நாங்கள் நிக்கிறமோ?"

"நிக்கிறம், அண்ணை."

"சரி" என்றார். டெலிபோனை வைத்துவிட்டு, தவநாயகியிடம் நாட்காட்டி எங்கே என்று கேட்டார். மாசி மாதத்தில் வெள்ளிக்கிழமைகள் எந்தத் தேதியில் வருகின்றன என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறை கோயிலில் ஒன்றைத்தான் கேட்கவேண்டும்.